சரசோட்டாவில் ஒரு நாள்: ரிங்லிங் வளாகத்தையும் கடற்கரையையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் இருக்கும் சரசோட்டாவுக்கு ஒரே நாளில் போய்வர நினைப்பவர்கள் பொதுவாக இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்வார்கள்: சர்க்கஸ் முதலாளி ஜான் ரிங்லிங்கின் வளாகம் (அவருடைய மாளிகை, கலைக்கூடம், சர்க்கஸ் அருங்காட்சியகம் எல்லாம் இதற்குள்தான்), அடுத்து கடற்கரை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும். ஆனால் நாள் கெட்டுப்போகும் வழிகளும் அதிகம். வெயில் உச்சியில் இருக்கும்போது மணலில் நிற்பது, இடி இடிக்கும் நேரத்தில் கடலில் இறங்குவது, பார்க்கிங் தேடி ஒரு மணி நேரம் சுற்றுவது, மாளிகைக்கு நேரச் சீட்டு கிடைக்காமல் வெளியே இருந்தே பார்த்துவிட்டுத் திரும்புவது ஆகியவை இங்கே அடிக்கடி நடப்பவை. இவற்றில் முக்கால்வாசியை, எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையைச் சரியாகப் போட்டாலே தவிர்த்துவிடலாம்.

முதலில் ஆள் யாரென்று கொஞ்சம். ரிங்லிங் சகோதரர்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் பாராபூ என்ற சிற்றூரிலிருந்து சர்க்கஸ் தொழிலுக்குக் கிளம்பியவர்கள். 1907இல் தங்கள் பெரிய போட்டியாளரான பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸை விலைக்கு வாங்கினார்கள். 1919இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். சகோதரர்களில் ஜான் (1866–1936) சரசோட்டாவில் நிலம் வாங்கிக் குவித்தார், தீவுகளை மனைகளாக்கினார், பாலம் போட்டார். 1927இல் சர்க்கஸின் குளிர்கால முகாமையே கனெக்டிகட்டிலிருந்து இந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே மாளிகையிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையும் ஒரு வகையில் அவர் போட்டதுதான். எந்தக் கடற்கரைக்குப் போவது என்று முடிவு செய்யும்போது இது உதவும்.

எது முதலில்?

இதற்கு விடை மாதத்தைப் பொறுத்தது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வளாகம் முதலில், கடல் பிறகு. இந்த மாதங்களில் மழை குறைவு, பகல் வெயில் தாங்கக்கூடியது. டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5.35 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும்; வளாகம் மூடுவதும் 5 மணிக்குத்தான். மூடும்வரை உள்ளே இருந்தால் சூரிய மறைவை நகரத்துப் போக்குவரத்து நெரிசலில் காருக்குள்ளிருந்து பார்க்க வேண்டியதுதான். 3 மணிக்கு, மிஞ்சிப்போனால் 3.30க்கு வளாகத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய பிறகு மறைவு நேரம் 7.40 அளவுக்குப் போய்விடுவதால் அவசரம் இல்லை. ஆனால் பிப்ரவரியும் மார்ச்சும்தான் ஊரில் கூட்டம் அதிகமுள்ள மாதங்கள். அப்போது கடற்கரைப் பார்க்கிங் காலை 11 மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். காலையில் வந்தவர்கள் 3 மணிக்கு மேல் கிளம்பத் தொடங்கும்போதுதான் இடம் விடும். அதற்கும் வளாகம் முதலில் என்ற வரிசையே வசதி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்படியே தலைகீழ். இந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. தீபகற்பத்தின் நிலப்பரப்பு காலையில் சூடேறும். இரு பக்கக் கடல்களிலிருந்தும் ஈரக்காற்று உள்ளே வந்து நடுவில் மோதி மேலெழும். 2 மணிக்கு மேல் மேகம் கறுக்கும். அந்த நேரத்தில் கூரைக்குக் கீழே இருப்பதுதான் புத்திசாலித்தனம். காலை 7.30க்குக் கடற்கரை, 10.30க்குக் குளித்து உடை மாற்றி, 11.15க்கு வளாகம். மழை ஓய்ந்தால் மாலையில் மறுபடி கடலுக்குப் போகலாம். ஜூன் கடைசியில் சூரியன் மறைய 8.25 ஆகும். மழை கழுவிவிட்ட வானத்தில் மிச்சமிருக்கும் மேகங்களால் கோடைச் சூரிய மறைவு குளிர்காலத்து மறைவைவிட அழகாக இருக்கும் என்பது எங்கள் கருத்து.

இடைப்பட்ட மே, அக்டோபர் மாதங்களில் அன்றைய வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து முடிவெடுங்கள். அக்டோபர் என்றால் புயல் காலமும் முடிந்திருக்காது. 2024 அக்டோபர் 9ஆம் தேதி மில்டன் புயல் கரையேறிய இடமே சரசோட்டாவை ஒட்டிய சியஸ்டா கீ தீவுதான். புயலுக்குப் பிந்தைய மாதங்களில் வளாகத்தின் கரையோரப் பகுதியோ கடற்கரை வசதிகளோ பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கக்கூடும். கிளம்புமுன் அருங்காட்சியக இணையதளத்தில் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

சீட்டு வாங்குவது

வளாகம் பொதுவாகக் காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். வியாழக்கிழமைகளில் கலைக்கூடம் இரவு 8 வரை உண்டு. நன்றி நவிலல் நாளன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் விடுமுறை. வளாகத்தில் கார் நிறுத்தக் கட்டணம் இல்லை.

பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில். பொது நுழைவுச் சீட்டில் கலைக்கூடமும் சர்க்கஸ் அருங்காட்சியகமும் அடங்கும். கா டிசான் மாளிகைக்குள் போகத் தனிச் சீட்டு, அதுவும் நேரம் குறித்த சீட்டு. தரைத்தளத்தை மட்டும் நாமாகச் சுற்றிப் பார்ப்பது ஒரு வகை. வழிகாட்டியோடு மாடிக்கும் போவது இன்னொரு வகை. இரண்டாவதில் ஒரு குழுவுக்குக் கொஞ்சம் பேர்தான் என்பதால் குளிர்கால வார இறுதிகளில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். இணையத்தில் முதலில் மாளிகைக்கான நேரத்தைப் பிடியுங்கள். 11.30 நல்ல நேரம். மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை கலைக்கூடம் இலவசம். அன்று சர்க்கஸ் பகுதிக்கும் மாளிகைக்கும் கட்டணம் உண்டு என்பதால், குழந்தைகளோடு வருபவர்களுக்கு இதில் பெரிய மிச்சம் இல்லை, கூட்டம்தான் கூடும். ஓவியம் மட்டும் பார்க்க வருபவர்களுக்கு நல்ல நாள். தோட்டங்களில் நடக்க எந்த நாளும் கட்டணம் இல்லை, ஆகவே கையில் பணம் குறைவு என்றாலும் ஆலமரங்களையும் மாளிகையின் வெளிப்புறத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

வளாகத்துக்குள்: 10 முதல் 3 வரை

வளாகம் 66 ஏக்கர். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு வந்தால் நுழைவுக் கட்டடத்திலேயே சக்கர நாற்காலியும், கட்டடங்களுக்கு இடையே ஓடும் சிறு வண்டியும் கிடைக்குமா என்று கேளுங்கள். பெரிய முதுகுப் பைகளைக் காட்சிக் கூடங்களுக்குள் விடமாட்டார்கள், காரிலேயே வைத்துவிடுங்கள். கடற்கரைக்கான கூலர், துண்டு எல்லாம் டிக்கியில் கண்ணில் படாதபடி இருக்கட்டும். ஃபிளாஷ் போடாமல் படம் எடுக்கலாம்.

கதவு திறந்ததும் பெரும்பாலோர் மாளிகையை நோக்கியோ கலைக்கூடத்தை நோக்கியோ போவார்கள். நீங்கள் சர்க்கஸ் பக்கம் திரும்புங்கள். சர்க்கஸ் அருங்காட்சியகத்தின் டிபல்ஸ் மையத்தில் இருக்கும் ஹோவர்ட் பிரதர்ஸ் சர்க்கஸ் மாதிரி உருவத்தின் கண்ணாடி ஓரத்தில் முண்டியடிக்காமல் நிற்கக் கிடைப்பது அந்த முதல் ஒரு மணி நேரம்தான்.

டென்னசியைச் சேர்ந்த ஹோவர்ட் டிபல்ஸ் என்பவர் பல பத்தாண்டுகள் உழைத்துச் செய்தது இந்த மாதிரி. 1919 முதல் 1938 வரையிலான ரிங்லிங் சர்க்கஸை ஒரு அடிக்கு முக்கால் அங்குலம் என்ற கணக்கில், அதாவது பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார். 3,800 சதுர அடி. 8 பெரிய கூடாரங்கள், 152 வண்டிகள், 800க்கும் மேற்பட்ட விலங்குகள். ரிங்லிங் என்ற பெயரைப் பயன்படுத்த சர்க்கஸ் நிறுவனம் அனுமதி தராததால் தன் பெயரையே வைத்துக்கொண்டார்.

பார்க்கும் முறை: நடுவில் இருக்கும் பெரிய கூடாரத்தைத் தேடி ஓடாதீர்கள். ரயில் வந்து நிற்கும் முனையில் தொடங்குங்கள். தட்டை வேகன்களிலிருந்து வண்டிகள் சாய்பலகை வழியாக எப்படி இறங்குகின்றன, எந்த வண்டியைக் குதிரைகள் இழுக்கின்றன என்று பாருங்கள். அடுத்து சாப்பாட்டுக் கூடாரம். ஊருக்குள் வந்ததும் முதலில் நிமிர்வது இதுதான். வேலையாட்களுக்குக் காலைச் சாப்பாடு போடாமல் பெரிய கூடாரத்தின் கம்பம் ஏறாது. மேசைகளில் தட்டும் கரண்டியும்கூடத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். அதன்பிறகு கொல்லர் பட்டறை, குதிரைக் கூடாரம், உடைமாற்றும் இடம். கடைசியில், ஆயிரக்கணக்கான மடக்கு நாற்காலிகள் போட்ட பெரிய கூடாரம். இந்த வரிசையில் போனால், ஓர் ஊரையே காலையில் எழுப்பி, இரவில் சுருட்டி, அடுத்த ஊருக்கு ரயிலேற்றிய தொழில் அது என்பது விளங்கும். குழந்தைகளுக்கு ஏதாவது தேடச் சொல்லி வேலை கொடுங்கள்: யானைகளை எண்ணச் சொல்லலாம், முடிவெட்டிக்கொள்பவரைத் தேடச் சொல்லலாம். பத்து நிமிடத்தில் சலித்துவிடும் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் நிற்பார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் ஜானும் அவர் மனைவி மேபலும் பயணம் செய்த 'விஸ்கான்சின்' என்ற தனி ரயில் பெட்டி இருக்கிறது. 1905இல் புல்மன் நிறுவனம் செய்தது. மனிதனையே குண்டாக வைத்து எறியும் ஸக்கீனி சர்க்கஸ் குடும்பத்துப் பீரங்கியும் லாரி மேல் நிற்கிறது. வெடிமருந்து அதில் புகைக்கும் ஓசைக்கும் மட்டும்தான். ஆளைத் தூக்கி எறிந்தது அழுத்தப்பட்ட காற்று. மொத்தத்தில் சர்க்கஸ் பகுதிக்கு 75 நிமிடம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து மாளிகைக்கு நடக்கும் வழியில் ஆலமரங்கள் வந்துவிடும். நம் ஊர் ஆலமரமேதான். தாமஸ் எடிசன் கொடுத்த கன்றுகள் என்று சொல்வதுண்டு. விழுதுகள் தடித்து, எது அடிமரம் எது விழுது என்று தெரியாத அளவுக்குப் பரந்து நிற்கின்றன. வளாகத்தில் மிகக் குளுமையான நிழல் இங்கேதான், ஆகவே மாளிகை நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டால் வெயிலில் வரிசையில் நிற்பதைவிட இங்கே உட்காருங்கள். வேர் புடைத்த தரையில் குழந்தை வண்டியைத் தள்ளுவது மட்டும் சிரமம்.

கா டிசான் 1924இல் தொடங்கி 1926இல் முடிந்தது. வெனிஸ் நகரத்து அரண்மனைகளின் கோதிக் பாணி. கட்டடக் கலைஞர் டுவைட் ஜேம்ஸ் பாம். கட்டியவர் சரசோட்டாவின் ஓவன் பர்ன்ஸ். 36,000 சதுர அடி, 56 அறைகள், அன்றைய கணக்கில் சுமார் 15 லட்சம் டாலர். கூரை ஓடுகள் ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து வந்தவை. உள்ளே போனதும் எல்லோரும் நடுக்கூடத்துச் சரவிளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு நடன அறையின் கூரைக்கும் அதே அளவு நேரம் கொடுங்கள். வில்லி போகனி பல நாட்டு நடனங்களைச் சதுரம் சதுரமாகத் தீட்டியிருக்கிறார். மதுக்கூடத்தின் மரவேலை செயின்ட் லூயிஸ் நகரத்து உணவகம் ஒன்றிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் கட்டிய வீட்டில் மதுக்கூடம் எப்படி என்று வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், பதில் சுவையாக இருக்கும்.

மாளிகையின் முன்னழகு கடல் பக்கம், அதாவது மேற்கே. காலையில் அந்தச் சுவர் நிழலில் இருக்கும். கண் கூசாமல் பளிங்குத் தளத்தில் நடந்து வேலைப்பாடுகளை நெருங்கிப் பார்க்க அதுவே நல்ல நேரம். சுடுமண் ஓடுகளின் நிறம் படத்தில் எடுப்பாக வரவேண்டும் என்றால் மட்டும், வெயில் நேராக விழும் 2 மணிக்கு மேல் திரும்பி வாருங்கள். மேபல் இந்த வீட்டில் நான்கு ஆண்டுகள்கூட வாழவில்லை, 1929இல் இறந்துபோனார். அதே ஆண்டு ஜான் கடன் வாங்கி இன்னும் சில சர்க்கஸ்களை வாங்கினார், பங்குச்சந்தை விழுந்தது, அதிலிருந்து அவர் மீளவில்லை. 1936இல் இறந்தபோது வங்கிக் கணக்கில் 311 டாலர் இருந்ததாகச் சொல்வார்கள். ஆனாலும் வீட்டையும் ஓவியங்களையும் விற்காமல் ஃப்ளோரிடா மாநிலத்துக்கே எழுதிவைத்துவிட்டார். இருவருடைய கல்லறையும் மாளிகைக்கு அருகிலுள்ள சிறு தோட்டத்தில் இருக்கிறது; தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

ரோஜாத் தோட்டம் மாளிகையைவிட மூத்தது, 1913இல் மேபல் போட்டது. வண்டிச் சக்கர வடிவப் பாத்திகள். நிழல் கிடையாது, நண்பகலில் பத்து நிமிடம் போதும்.

மதியச் சாப்பாட்டை வளாகத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. வெளியே போய்விட்டுத் திரும்பினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

கலைக்கூடத்துக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். 21 கூடங்களையும் ஓடி ஓடிப் பார்ப்பதில் பயனில்லை. முதலில் ஓவியர் ரூபன்ஸின் அறைக்குப் போங்கள். ஸ்பெயின் இளவரசி இசபெல்லா 1625 வாக்கில், மாட்ரிட் மடம் ஒன்றுக்குத் திரைச்சீலை நெய்யச் சொன்னபோது, நெசவாளர்கள் பார்த்து நெய்வதற்காகத் தீட்டிய முழு அளவு ஓவியங்கள் இவை. சுவரையே நிறைக்கும் அளவு. அருகில் போனால் தூரிகைத் தடம்தான் தெரியும், அறையின் எதிர்ச்சுவர் வரை பின்னால் போய்ப் பாருங்கள். அடுத்து, பியரோ டி கோசிமோவின் அரண்மனை கட்டும் காட்சி. பலகையில் மரம் அறுப்பவரும் கல் செதுக்குபவரும் அவரவர் வேலையில் இருப்பார்கள். வெலாஸ்குவெஸ் தீட்டிய நான்காம் ஃபிலிப் மன்னரின் படமும் இங்கே உண்டு. பிறகு நடுமுற்றத்துக்கு வந்து, மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையின் வெண்கல நகல் வரை நடந்துவிட்டுக் கிளம்பலாம். முற்றத்தை ஒட்டி கலைஞர் ஜேம்ஸ் டரல் அமைத்த, கூரைத் திறப்பில் வானம் தெரியும் அறை ஒன்றும் இருக்கிறது. சூரியன் மறையும் நேரத்து ஒளிக்காட்சிதான் அதன் சிறப்பு, அதற்குத் தனிச் சீட்டு. அதையும் கடற்கரைச் சூரிய மறைவையும் ஒரே மாலையில் பார்க்க முடியாது, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

லிடோவா, சியஸ்டாவா?

கடலுக்குப் போக லிடோ, சியஸ்டா என்று இரண்டு கடற்கரைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். புகழ் சியஸ்டாவுக்குத்தான். 2011, 2017 ஆகிய ஆண்டுகளில் 'டாக்டர் பீச்' என்று அழைக்கப்படும் ஸ்டீபன் லெதர்மன் அமெரிக்காவின் முதல் கடற்கரையாக அதைத் தேர்ந்தெடுத்தார். மணல் 99 விழுக்காடு குவார்ட்ஸ். அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துக் கொண்டுவந்தது. கையில் எடுத்தால் கோலமாவு மாதிரி இருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் நண்பகலிலும் வெறுங்காலோடு நடக்கலாம். தண்ணீர் வெகுதூரம் வரை ஆழமில்லை, சிறு பிள்ளைகளுக்கு நல்லது. பொதுக் கடற்கரையின் பார்க்கிங் இலவசம், சுமார் 950 கார்கள் நிற்கும். ஆனாலும் மார்ச்சில் போதாது.

சிக்கல் வழியில்தான். வளாகத்திலிருந்து சுமார் 10 மைல். தீவுக்குள் போகும் இரண்டு பாலங்களுமே படகுக்காகத் தூக்கப்படுபவை. பாலம் ஒருமுறை திறந்தால் வரிசை நீண்டுவிடும். சாதாரண நாளில் அரை மணி நேரப் பயணம், மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

லிடோ கடற்கரை சுமார் 6 மைல். யு.எஸ். 41 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, வளைகுடா ஓர ரவுண்டானாவில் மேற்கே திரும்பினால் ரிங்லிங் பாலம். ஜான் போட்ட பாலம் 1926இல் திறந்தது. கட்டுமானத்துக்கு மரங்களை இழுக்கச் சர்க்கஸ் யானைகளை இறக்கினார்கள். இப்போது இருப்பது 2003இல் கட்டியது, தண்ணீருக்கு மேல் 65 அடி உயரம், படகுக்காகத் திறக்க வேண்டியதில்லை. பாலத்தைத் தாண்டினால் செயின்ட் ஆர்மண்ட்ஸ் வட்டம், அதுவும் ஜானின் திட்டமே. கடைகளுக்கு நடுவே பூங்காவில் சிலைகள், சர்க்கஸ் கலைஞர்களின் பெயர் பொறித்த தகடுகள். காலையில் ரயில் பெட்டியையும் பீரங்கியையும் பார்த்தவர்கள் அந்தப் பெயர்களைத் தகடுகளில் அடையாளம் கண்டுகொள்வார்கள். வட்டத்தில் கார் நிறுத்தக் கட்டணம் உண்டு.

எனவே எங்கள் பரிந்துரை: வளாகம் முதலில் என்ற குளிர்கால வரிசையில் போகிறவர்களுக்கு லிடோ. கோடையில் காலை 7.30க்குக் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சியஸ்டா. அந்த நேரத்தில் பாலத்திலும் கூட்டம் இல்லை, பார்க்கிங்கும் காலி. லிடோ மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும், வெயிலில் சுடும், செருப்பு வேண்டும். அதன் தென்கோடிப் பூங்காவில் கால்வாய் முகத்துவாரத்தின் பக்கம் மட்டும் இறங்காதீர்கள், அங்கே நீரோட்டம் பலசாலிகளையே இழுத்துக்கொண்டு போகும்.

சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் சியஸ்டாதான் வசதி. தண்ணீர்ப் பக்கமாக விரித்த பாய்ப்பாதை உண்டு. பெரிய சக்கரம் வைத்த கடற்கரை நாற்காலியை உயிர்காப்பாளர்களிடம் கேட்டு வாங்கலாம். ஞாயிறு மாலை சியஸ்டாவுக்குப் போனால் சூரியன் மறையும் முன் மேளம் கொட்டும் வட்டம் கூடும். சிலருக்குக் கொண்டாட்டம், அமைதி தேடுபவர்கள் வேறு நாள் பாருங்கள்.

தண்ணீரில் இறங்குமுன்

உயிர்காப்பாளர் கூண்டில் என்ன கொடி என்று முதலில் பாருங்கள். பச்சை என்றால் கடல் அமைதி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து, இரண்டு சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதாக் கொடி ஜெல்லி மீன், திருக்கை போன்றவற்றுக்கு. உயிர்காப்பாளர்கள் மாலை 5 மணியளவில் போய்விடுவார்கள். சூரிய மறைவு நேரத்தில் பிள்ளைகளை முழங்கால் ஆழத்துக்கு மேல் விடாதீர்கள்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை திருக்கைகள் கரையோர மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைத்து நடந்தால் மேலே மிதித்துவிடுவோம், வால்முள்ளால் குத்தும். பாதத்தை மணலை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். அதிர்வு பட்டதும் விலகிப்போகும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான, ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் வலி அடங்கும். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ நேராக மருத்துவமனை.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு தொல்லை ரெட் டைட். கரேனியா பிரெவிஸ் என்ற நுண்பாசி பெருகி, மீன்கள் செத்து ஒதுங்கும். அலையில் உடைந்த பாசியின் நச்சு காற்றில் கலந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று கடற்கரைக்குப் போகவே கூடாது. காலையிலேயே தெரிந்துகொள்ள, சரசோட்டாவில் இருக்கும் மோட் கடல் ஆய்வகம் வெளியிடும் கடற்கரை நிலவரத்தைப் பாருங்கள். கொடி நிறம், காற்று, செத்த மீன் எல்லாம் கடற்கரை வாரியாக இருக்கும். நிலவரம் மோசம் என்றால் வளாகத்துக்கே முழு நாளையும் கொடுத்துவிடலாம்.

இடிச்சத்தம் கேட்டால் காருக்கோ கட்டடத்துக்கோ போங்கள். கடற்கரைக் குடையும் மேற்கூரைக் கொட்டகையும் மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

மே 1 முதல் அக்டோபர் 31 வரை கடலாமைகள் முட்டையிடும் காலம். பிள்ளைகள் தோண்டிய குழியை மூடுங்கள், மணல் கோட்டையைத் தட்டிவிடுங்கள், இருட்டிய பிறகு போன் வெளிச்சத்தைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள். மணல்மேட்டில் ஆடும் கதிர்ப்புல்லைப் பறிப்பது மாநிலச் சட்டப்படி குற்றம். கண்ணாடிப் பாட்டில் கூடாது. நாய்க்கு அனுமதி இல்லை.

டிக்கியில் வைக்க வேண்டியவை: ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மாற்று உடை, இரண்டு துண்டு, ஈர உடைக்கு ஒரு பை, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச சன்ஸ்கிரீன். வெள்ளை மணல் வெயிலைக் கீழிருந்தும் அடிக்கும். குடைக்கு அடியில் இருந்தாலும் முகம் கருகும். சூரியன் மறைந்ததும் கண்ணுக்குத் தெரியாத கொசுப் பூச்சிகள் வரும், பூச்சி விரட்டி வேண்டும். கேமராவை மூடும் பையில் வையுங்கள். சியஸ்டா மணல் லென்ஸ் இடுக்கில் புகுந்தால் எடுப்பது கடினம். சாப்பாட்டை வரும் வழியில் பப்ளிக்ஸ் பல்பொருள் அங்காடியில் வாங்கிக் கூலரில் போட்டுக்கொண்டால், 6 மணிக்கு மேல் வட்டத்து உணவகங்களில் மேசைக்குக் காத்திருக்க வேண்டாம்.

சூரியன் மறைந்த அடுத்த நிமிடமே எல்லோரும் காரை எடுப்பார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கடற்கரைக் குழாயில் கால் கழுவிக் கிளம்பினால் பாலத்தில் நெரிசல் குறைந்திருக்கும். சன்ஷைன் ஸ்கைவே பாலம் வழியாகத் திரும்புபவர்கள் டோல் கட்ட வேண்டும். வாடகைக் கார் என்றால் டோல் பற்றி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்கள் டோலைவிட அதிகமான சேவைக் கட்டணத்தைப் பிறகு கார்டில் கழித்துக்கொள்ளும்.